சனிக்கிழமை ஈரத்துண்டு

ஒரு துண்டை எவ்வளவு நனைத்தால் நீந்திவிட்டு வந்தவனின் துண்டு மாதிரி இருக்கும்? பல் டாக்டருக்கு அப்போதைய கவலை அதுதான். விமானப் பயிற்சிப் பள்ளியின் குழாயடியில் நின்றுகொண்டு பாதித் துண்டை நனைத்தார், யோசித்தார், மீதியையும் நனைத்தார். கடைசியில் தலையையும் குழாய்க்கு அடியில் நீட்டினார்.

மனிதருக்கு வயது ஐம்பத்திரண்டு. வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அண்ணாந்து பார்க்கிற ரகம். பல்லைப் பிடுங்கிக்கொண்டிருக்கும்போது ஜன்னலுக்கு வெளியே விமானம் போனால், கை பாட்டுக்கு வேலை செய்யும், கண் மேலே போய்விடும். நோயாளி வாயைத் திறந்து வைத்திருப்பதால் ஒன்றும் கேட்க முடியாது.

ஆனால் வீட்டில் சட்டம் வேறு. பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே மனைவி ஓடி வந்து காலைப் பிடித்துக்கொள்வாள்.

"முதல்ல இறங்குங்க. விழுந்து வச்சா யார் பாக்கிறது?"

ஸ்டூலுக்கே இந்தக் கெடுபிடி. விமானம் என்று வாயைத் திறந்திருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும். அதனால்தான் சனிக்கிழமை காலையில் நீச்சல் கற்கப் போகிறேன் என்று ஒரு பொய். கூட யாரும் இல்லாமல், தனியாக, ஒரே ஒரு தடவை விமானம் ஓட்டிவிட வேண்டும். அதற்குள் மாட்டிக்கொண்டால் ஆயுசுக்கும் தரைதான்.

வீட்டுக்கு வந்து துண்டைக் கொடுத்தார். மனைவி மோந்து பார்த்தாள்.

"என்னங்க, பெட்ரோல் வாசனை அடிக்குது?"

"அதுவா... அங்க தண்ணி இறைக்கிற மோட்டார் இருக்கும்மா. அது பக்கத்துலதான் துண்டு மாட்டுவோம்."

"ஓஹோ."

அந்த ஓஹோவை அவர் நம்பினார். இருபத்தாறு வருஷம் குடித்தனம் நடத்தியவர் ஒரு ஓஹோவை இப்படி நம்பலாமோ? நம்பிவிட்டாரே, என்ன செய்வது.

அடுத்த வாரம் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீச்சல் குளத்துல இறங்கினா கண்ணு செவக்கும்பாங்க. உங்களுக்குச் செவக்கவே இல்லையே?"

விடுவாரா? அதற்கடுத்த சனிக்கிழமை குழாயடியில் கண்ணுக்குக் கொஞ்சம் சோப்புப் போட்டார். கொஞ்சம் என்று அவர்தான் சொல்கிறார். திங்கட்கிழமை வரை கண் வீங்கி நீர் வடிந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்து டாக்டரே அழுகிறார் என்று நினைத்து மூன்று நோயாளிகள் எழுந்து ஓடிப் போனார்கள்.

"இவ்வளவு சிரமப்பட்டு எத்தனை சுத்துதான் நீந்துறீங்க?" என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டே மனைவி கேட்டாள்.

வாய் சும்மா இருந்திருக்கலாம். "இருபது" என்றது.

"இருபதா! அடேயப்பா!"

குடியிருப்போர் சங்கத்துக்கு அவள்தான் செயலாளர். மறுநாள் சாயங்காலம் கூட்டம் முடிந்து வந்தவள் நின்றுகொண்டே சேதி சொன்னாள்.

"நம்ம குடியிருப்புல நீச்சல் போட்டி வைக்கிறோம். அம்பது மீட்டர். உங்க பேரைக் கொடுத்துட்டேன். ரெண்டு மாசம் இருக்கு."

"எனக்கு எதுக்கும்மா போட்டி கீட்டியெல்லாம்?"

"இருபது சுத்து போறவருக்கு ரெண்டு சுத்து ஒரு விஷயமா? எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மானத்தை வாங்கிடாதீங்க."

டாக்டருக்கும் தண்ணீருக்கும் உள்ள பழக்கம், நோயாளி வாய் கொப்பளிக்கக் கொடுக்கிற ஒரு டம்ளரோடு சரி. வராது என்று ஒப்புக்கொண்டால் சனிக்கிழமை எங்கே போனாய் என்ற கேள்வி வரும். வேறு வழியில்லை, பொய்யைக் காப்பாற்ற நிஜமாகவே நீந்தியாக வேண்டும். அதுவும் மனைவிக்குத் தெரியாமல்.

நல்ல வேளையாக அந்த வாரமே மனைவி கிளினிக்குக்குக் கொடுத்தனுப்பிய பழைய பத்திரிகைக்குள் ஒரு நோட்டீஸ் அகப்பட்டது. அடுத்த தெருவிலேயே நீச்சல் குளம். புதன்கிழமை மதியம் கிளினிக்கைப் பூட்டிவிட்டுப் போனார்.

மாஸ்டர் கட்டையான, தொப்பை போட்ட மனிதர். டாக்டர் சட்டைப் பொத்தானில் கை வைத்ததும், "கழட்டாதீங்க சார்" என்றார். "அப்படியே இறங்குங்க."

"பேன்ட்டோடவா?"

"ஷூவோட."

"போட்டியில அரை டிராயர்தானே போடுவாங்க?"

"என்கிட்ட வந்தா என் முறைதான். குதிங்க."

கிறுக்குப் பிடித்த ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே டாக்டர் குதித்தார். நேராக அடிக்குப் போனார். மாஸ்டர் காலரைப் பிடித்து மேலே தூக்கினார். முதல் மூன்று வாரமும் பாடம் இவ்வளவுதான்.

ஒவ்வொரு புதன்கிழமையும் நனைந்த சட்டையோடு கிளினிக்குக்கு ஓடி வந்து, கை உலர்த்துகிற மிஷினுக்கு அடியில் மாறி மாறிக் குனிந்து நிமிர்வார். சனிக்கிழமை காய்ந்த துண்டை நனைப்பது, புதன்கிழமை நனைந்த துணியைக் காயவைப்பது. எது எந்தக் கிழமை என்று அவருக்கே சில சமயம் தடுமாறியது.

பாடங்களும் கலந்துபோயின. அவருக்கு விமானம் சொல்லிக்கொடுத்த கேப்டனுக்கு முப்பது வயதுகூட இருக்காது, பெண்.

"டாக்டர், அந்தப் பெடலைப் போட்டு ஏன் இப்படி உதைக்கிறீங்க? மூக்கைக் கீழ இறக்குங்க, மூக்கை!"

புதன்கிழமை மாஸ்டர் கரையில் நின்று கத்துவார். "கையை ரெண்டு பக்கமும் விரிச்சு வச்சுக்கிட்டு என்ன சார் பண்றீங்க? மூக்கை மேல தூக்குங்க!"

"உடம்பைத் தளர்த்தி விடுங்க, பயப்படாம மூச்சு விடுங்க" என்று இருவருமே சொன்னார்கள். இதையே முப்பது வருஷமாகத் தன் நோயாளிகளிடம் சொல்லி வந்தவர், அது எவ்வளவு உபயோகமில்லாத யோசனை என்பதை இப்போதுதான் தெரிந்துகொண்டார்.

போட்டிக்கு முதல் நாள் சனிக்கிழமை, நல்ல மழை. கேப்டன் போனில் சொன்னாள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துடுங்க. நான் இறங்கிக்கிறேன். தனியாப் போய்ட்டு வாங்க."

டாக்டருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை. ஏழு மணிக்கு வானம், பத்து மணிக்குத் தண்ணீர்.

"போட்டிக்கு முன்னாடி ஒரு தடவை பழகிட்டு வந்துடறேம்மா" என்று காலையில் கிளம்பினார். மனைவி வாசல் வரை வந்து காலரைச் சரிசெய்தாள்.

"பத்திரமாப் போய்ட்டு வாங்க."

கேப்டன் இறங்கிக் கதவைச் சாத்தியதும் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஓடுபாதையில் விமானம் கடகடவென்று ஓடியது, அப்புறம் கடகடப்பு நின்றது. அவ்வளவுதான், பறக்கிறார்! ஓடுபாதை முடிகிற இடத்தில் பெரிய ஏரி. அதற்கு மேலே போய்த்தான் எல்லோரும் திரும்ப வேண்டும். மழை விட்ட காலை, ஏரி முழுக்க வெயில். தூரத்தில் அவருடைய குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிகள் மாத்திரை அளவுக்குத் தெரிந்தன. ஐம்பத்திரண்டு வருஷம் கீழே இருந்து அண்ணாந்து பார்த்த இடத்தில் இப்போது தானே இருக்கிறோம் என்று நினைத்ததும் பாட ஆரம்பித்தார்.

"டாக்டர்" என்று ரேடியோவில் கேப்டன் குரல் வந்தது. "பாடுறதுன்னா பேசுற பட்டன்லேர்ந்து கையை எடுத்துட்டுப் பாடுங்க. எல்லாருக்கும் கேக்குது."

மூன்று குதி குதித்து விமானம் தரையில் நின்றது. இறங்கியவர் தலையில் யாரோ ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்கள். அப்புறம் இன்னொன்று. முதல் தடவை தனியாகப் பறந்தவரை இப்படி நனைப்பது அந்தப் பள்ளியின் வழக்கமாம். மூன்றாவது வாளியைக் கேப்டனே ஊற்றினாள். மணி ஒன்பதரை. மாற்றுத் துணியும் கிடையாது.

சொட்டச் சொட்டக் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்கு ஓடி வந்தவருக்கு இன்னொரு இடி. கையில் விசிலோடு நடுவராக நின்றது மாஸ்டர்! இருபது சுற்றுப் புளுகை உடைக்க இந்த ஆள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"என்னங்க இது, துணியோடவா பழகுனீங்க?" என்றாள் மனைவி.

காலை முழுக்க இருந்த சந்தோஷத்தில் இனிமேல் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை. போனால் போகட்டும், ஒரு தடவை பறந்தாகிவிட்டது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா..."

"முதல்ல நீந்துங்க. அப்புறம் சொல்லலாம்."

மாஸ்டர் விசில் ஊதினார். ஷூவைக் கழற்ற நேரமில்லாமல் டாக்டர் அப்படியே குதித்தார். மற்றவர்கள் போட்டியை முடித்து, தலை துவட்டி, பேசிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் இரண்டாவது சுற்றில் பாதியில் இருந்தார். ஒவ்வொரு தடவை மூச்சுக்குத் தலையைத் தூக்கியபோதும் கரையில் மனைவி தெரிந்தாள். அவருக்கு நேராக, அவர் வேகத்துக்கே, ஒவ்வொரு அடியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். கடைசியில் கை சுவரைத் தொட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

"நான் உன்னை ஏமாத்திட்டேம்மா" என்று சுவரைப் பிடித்தபடியே மூச்சிரைத்தார். "சனிக்கிழமை நான் போனது..."

அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி மாஸ்டரைப் பார்த்தாள்.

மாஸ்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "அம்பது மீட்டர், அதுவும் ஷூவோட, தேறிட்டாரும்மா. நீங்க இனிமே அந்த ஏரிக்கு மேல இவரை நிம்மதியாப் பறக்க விடலாம்."