என் மகளின் நிச்சயதார்த்தத்தை நான் டெலீட் செய்த விதம்

சனிக்கிழமை மாலை சரியாக ஆறு பத்துக்கு என் மகளின் நிச்சயதார்த்தத்தை நான் டெலீட் செய்தேன். மாப்பிள்ளை வீட்டில் ஒரு குறையும் இல்லை. குறை முழுவதும் என் வலது கை ஆள்காட்டி விரலில்தான். (இன்றைக்கும் அந்த விரலால் லிஃப்ட் பட்டனைக்கூட யோசித்துத்தான் அமுக்குகிறேன்.)

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் எனக்குக் குவாலிட்டி பிரிவில் வேலை. எதையும் இரண்டு தரம் சரிபார்ப்பதற்குத்தான் சம்பளம். நிச்சயத்தன்று என் மைத்துனர் பெரிய டிஜிட்டல் கேமரா கொண்டுவந்தார். உடனே நான், "யாரும் செல்போனத் தூக்காதீங்க, கேமராவுக்கு மறைக்குது" என்று மண்டபம் முழுக்கச் சுற்றி ஒவ்வொரு கையாக இறக்கிவிட்டேன். என் சொந்தக்காரர்கள் என் பேச்சைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒருநாள்தான்.

அந்தச் சனிக்கிழமை பள்ளிப்பட்டிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார்.

"அண்ணா, போட்டோ இன்னா ஆச்சு? நாளைக்கு வரோம். டிவில பெர்சா போட்டுப் பாக்கணும்."

மகள் கீர்த்தனா வேலைக்குக் கிளம்பும்போதே, "நான் வந்து லேப்டாப்புல ஏத்தறேன்பா, நீ தொடாத" என்று சொல்லியிருந்தாள். தொடாதே என்றால் எனக்குக் கை அரிக்கும். மைத்துனர் விட்டுவிட்டுப் போயிருந்த கேமராவையும் ஒயரையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு, மணவாள நகரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, அங்கேயே ஒரு பென் டிரைவ் வாங்கி அதில் போட்டுக்கொள்வதாகத் திட்டம்.

கடைக்காரர் ஜெராக்ஸ் கூட்டத்தில் மாட்டியிருந்தார். "ஒயர சொருகினு நீங்களே பாருங்க சார்" என்றார். சொருகினேன். திரையில் படங்கள் வரிசை வரிசையாக வந்து நின்றன. தட்டு மாற்றுவது, மோதிரம் போடுவது, மாப்பிள்ளை அசட்டுச் சிரிப்பு, எல்லாம். ஒரு பட்டனும் அமுக்காமல் அத்தனையும் தானாகவே கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது! இதற்குத்தானா இந்தப் பிள்ளைகள் இவ்வளவு பந்தா பண்ணுகிறார்கள்?

"ஒரு பென் டிரைவ் குடுங்க."

"ஸ்டாக் தீர்ந்துபோச்சு சார். நாளைக்கு வாங்க."

"அதுவரிக்கும் படமெல்லாம்?"

"அது எங்க சார் போவப்போவுது? அப்படியேதான் இருக்கும்."

பெண்ணைப் பெற்றவர்களே உஷார் என்று வாட்ஸப்பில் தினமும் நாலு பேர் எனக்கு அனுப்புகிறார்கள். நானும் அவற்றைத் தவறாமல் நாற்பது பேருக்கு அனுப்புகிறேன். என் மகளின் படங்கள் ராத்திரி முழுக்க ஊர் பேர் தெரியாத கம்ப்யூட்டரில் கிடப்பதா? எல்லாவற்றையும் தேர்வு செய்து டெலீட்டை அமுக்கினேன். நிரந்தரமாக அழிக்கவா என்று கேட்டது. பொறுப்பான மெஷின் என்று மனதுக்குள் பாராட்டிவிட்டு, ஆமாம் என்றேன். மூடித் திறந்து இரண்டாம் தரமும் பார்த்தேன். சுத்தமாகக் காலி. (குவாலிட்டி!)

வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டிருந்தேன். கீர்த்தனா வந்து கேமராவைத் திறந்தாள்.

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்லியே?"

"கடை கம்ப்யூட்டர்லதாம்மா அழிச்சேன். பயப்படாத."

"அதுல நீ காப்பி பண்ணியா?"

"தானா ஏறிச்சு."

அவள் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "ஏறலப்பா. கம்ப்யூட்டர் வழியா நீ கேமராவத்தான் பாத்துகினு இருந்திருக்க."

"அப்ப அழிச்சது?" என்றாள் என் மனைவி விஜயா. அவளே சொல்லிக்கொண்டாள்: "அடுத்தவங்கள எடுக்கவும் உடல. எடுத்ததையும் உடல."

கீர்த்தனா கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "அத்தைகிட்ட நான் இன்னாப்பா சொல்றது?" என்று மட்டும் கேட்டாள். பிறகு ஏதோ மென்பொருள் போட்டு மீட்கப் பார்த்தாள். அதற்குள் நான், கேமரா ரிப்பேரோ என்று சோதிக்க, சமையலறை முதல் மொட்டைமாடி வரை வீடியோ எடுத்து, அழிந்த படங்களின் மேலேயே பதித்து முடித்திருந்தேன். மீண்டு வந்தது பாதி நெற்றி. மாப்பிள்ளையுடையதா, ஐயருடையதா என்பது இன்னும் முடிவாகவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நிச்சயதார்த்த ஆல்பம் இருக்கிறது. அதில் எல்லாரும் இருக்கிறார்கள், பெண்ணின் அப்பா மட்டும் இல்லை. புதிதாகப் பார்ப்பவர்கள் விஜயாவின் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அப்பா எங்க?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். உடனே வீடே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை நடந்தது அப்படி.

காலையில் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு சம்பந்தியம்மா வந்து, நேராக டிவி முன்னால் உட்கார்ந்தார். நான் கைகட்டி நின்று முழுவதையும் சொன்னேன். கல்யாணம் நிற்கப்போகிறது என்றே நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு விஜயாவிடம் திரும்பினார்.

"அண்ணி, தட்டு, பழம்லாம் எடுத்து வைங்க. அம்மாடி கீர்த்தனா, அந்தப் பொடவையையே கட்டிகினு வா. டேய், செல்ல எடு. இன்னொரு தபா நிச்சயம் பண்ணி எடுத்துக்கலாம்."

நானும் வேட்டி மாற்றக் கிளம்பினேன்.

"அண்ணா, நீங்க கடைக்குப் போயி ஒரு கிலோ ஸ்வீட் வாங்கினு வாங்க," என்றார் சம்பந்தியம்மா. "அவசரமே இல்ல. நாங்க எல்லாத்தையும் எடுத்து முடிச்சிட்டு போன் பண்றோம், அப்பறம் வந்தாப் போதும்."