பச்சைப் பென்சில் மகான்

இந்த வருஷம் என் வீட்டுக்கு நான் தலைவனாவது என்று முடிவு செய்தேன். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. இனியும் தள்ளிப்போடுவது நல்லதல்ல.

அதற்கு வாய்ப்பும் தேடி வந்தது. கிள்ளானில் எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வீடு வீடாகச் சுற்றி வரும். எந்த வீட்டில் கூடுகிறதோ, அந்த வீட்டு ஆம்பளை பத்து நிமிஷம் வேதபாடம் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். எவ்வளவு மோசமாகப் பேசினாலும் ஜனங்கள் மன்னித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு சாப்பிட மீ கோரெங் நூடுல்ஸ் வரும் என்ற நம்பிக்கைதான்.

இதையெல்லாம் நடத்துகிறவர் கிரிகரி அங்கிள். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன மாதம் எழுந்து நின்று, தனக்குக் கண் ஆபரேஷன், இனிமேல் வாரா வாரம் பாடம் எடுக்க ஒரு ஆளைப் பார்க்கிறேன், அடுத்த மாதம் கேவின் வீட்டில், அதாவது என் வீட்டில், கூடும்போது சொல்கிறேன் என்றார். சொல்லும்போது என் பக்கம் பார்த்தார். கண் சரியில்லாதவர்தான். ஆனால் என் பக்கம்தான் பார்த்தார்.

என் பக்கத்தில் என் மனைவி ரோசலின் உட்கார்ந்திருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள்.

"ஏங்க, நம்ம வீட்டுல நான் பாடம் எடுக்கவா?"

"வீட்டுக்காரர்தான் எடுக்கணும், ரோஸ். அதான் வழக்கம்."

"நீங்க பேசுனா மைக்குக்கே கேக்காது."

"ஆழமா பேசுறவங்க மெதுவாத்தான் பேசுவாங்க."

"எதைப் படிச்சு ஆழமா பேசப் போறீங்க? சின்னதா ஒரு விளக்கவுரை வாங்கிக்குங்களேன். நமக்கு வந்திருக்கிறது ஒரே ஒரு பகுதிதானே."

எனக்குப் புத்தகமெல்லாம் வேண்டாம், எல்லாம் இங்கேயே இருக்கிறது என்று நெஞ்சைத் தட்டிக் காட்டினேன். அவள் என் நெஞ்சை ஒரு தடவை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ரோசலின் பாலர் பள்ளி ஆசிரியை. முப்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் பொய் சொல்வதைக் கேட்டுப் பழகியவள்.

மறுநாளே பிரிக்ஃபீல்ட்ஸுக்கு ஓடினேன். மாடியில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடை. கடைக்காரர் பெயர் லோகன். பைபிள் காமெண்டரி வேண்டும் என்றதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"படிக்கவா boss, வைக்கவா?"

"ரெண்டுக்கும்."

"அப்படி ஒண்ணு இன்னும் அச்சடிக்கல. படிக்கன்னா இது." ஒல்லியான ஒரு புத்தகத்தைக் காட்டினார். எளிய இங்கிலீஷ், கலர் கலராக வரைபடம். "வைக்கன்னா அது."

அது ஆறு தொகுதி. கறுப்பு அட்டை, தங்க எழுத்து. முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரப் போதகர் எழுதியது. பார்த்தாலே முதுகு தானாக நிமிரும். ஒல்லிப் புத்தகத்தை எல்லாரும் படித்திருப்பார்கள்; இதை யார் படித்திருக்கப் போகிறார்கள்? அதைத்தான் எடுத்தேன்.

"ஒரு போதகர் வீட்டுலேர்ந்து வந்தது," என்றார் லோகன். "இருபது வருஷமா வச்சிருந்தாரு. தொறந்ததே இல்ல லா. பாருங்க, தாளெல்லாம் இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கு."

எங்கள் வீடு ஐந்தாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யும் நாளை நாங்கள் பெருநாளாகக் கொண்டாடுகிறோம். மேலே தூக்கிப்போனால் முதுகும் போகும், ரகசியமும் போகும். ஆறையும் காரின் பின்பக்கத்தில் வைத்துப் போர்வை போட்டு மூடினேன். எங்கள் சின்னக் கார் முட்டையிடப் போகும் கோழி மாதிரி பின்பக்கமாக உட்கார்ந்தது.

சாயந்திரம் ரோசலின் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கார் ஏன் பின்னால சாஞ்சிருக்கு?"

"அரிசி."

"அப்ப மேல கொண்டு வாங்க."

வேறு வழியில்லாமல் கடைக்குப் போய் ஒரு மூட்டை அரிசி வாங்கி ஐந்து மாடி ஏறினேன். இறக்கிவிட்டுத் திரும்பினால் பால்கனியில் நிற்கிறாள். "இன்னும் சாஞ்சேதான் இருக்கு," என்றாள். அடுத்த வாரமும் கேட்டாள், அதற்கடுத்த வாரமும் கேட்டாள். கேட்ட ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டை; ஆக, சமையலறையில் நாலு மூட்டை. சாப்பிடுகிற வாய் இரண்டு.

படிப்பு நடந்த இடம், போர்ட் கிள்ளானில் என் ஆபீஸ் கார் நிறுத்துமிடம். ஒரு கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம், இன்னொரு கையில் ஆறாம் தொகுதி. எங்கள் வீட்டுக்கு வந்த பகுதி அதில்தான் இருந்தது. கூடாரம் செய்து பிழைத்த ஒரு கணவனும் மனைவியும், பெரிய பேச்சாளர் ஒருவரைத் தங்களோடு அழைத்துப்போய் அவருக்கே வேதத்தை விளக்கிச் சொன்ன கதை. நாலே நாலு வரி. அதற்கு விளக்கம் ஒன்பது பக்கம். வெள்ளைக்காரர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் சோறு ஆறும், சம்பல் காயும், மணி இரண்டடிக்கும், முற்றுப்புள்ளி மட்டும் வராது. முதல் வாரம் முழுவதும் உட்கார்ந்து அரைப் பக்கம் படித்தேன். அதிலும் புரிந்தது "ஆகையால்" மட்டும்தான்.

திங்கட்கிழமை ஒரு அற்புதம் நடந்தது. புத்தகத்தைத் திறந்தால் முக்கியமான வரிகளின் கீழே பச்சைப் பென்சிலில் கோடு. போன வாரம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன்? லோகன் அவசரக்காரர். போதகர் திறந்திருக்கிறார், படித்திருக்கிறார், எனக்காகக் கோடும் போட்டு வைத்திருக்கிறார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை இன்னும் அதிகம். கடினமான சொற்களுக்குப் பக்கத்தில் தமிழில் அர்த்தம், குண்டு குண்டான எழுத்தில், அரிச்சுவடி மாதிரி. ஒரு பத்தியின் ஓரத்தில் தங்க நட்சத்திரம் ஒன்று ஒட்டியிருந்தது. எனக்குக் கண் கலங்கியது. எவ்வளவு படித்த மகான், உள்ளே எவ்வளவு குழந்தை மனசு.

சனிக்கிழமைதோறும் ரோசலின் அதே காரை எடுத்துக்கொண்டு பாசாருக்குப் போவாள், இரண்டு கட்டு கீரை வாங்க மூன்று மணி நேரம் ஆகும் என்பதையெல்லாம் நான் யோசிக்கவில்லை. மகானை நம்பினேன். கோடு போட்ட வரிகளை மட்டும் ஒரு தாளில் எழுதி மனப்பாடம் செய்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் பதினெட்டுப் பேர். நாற்காலி போதாமல் நாலு பேர் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்தார்கள். கிரிகரி அங்கிள் கறுப்புக் கண்ணாடியோடு நடுவில். ரோசலின் சமையலறை வாசலில், கொண்டையில் எதையோ செருகிக்கொண்டு நின்றாள்.

பேச ஆரம்பித்தேன். கேட்கவில்லை என்றது ஒரு மூட்டை. குரலை உயர்த்தினேன். அப்படி ஒரு குரல் எனக்கு இருப்பது எனக்கே புதுசு.

அந்தத் தம்பதியைப் பற்றிச் சொன்ன இடங்கள் பலவற்றில் மனைவி பெயர்தான் முதலில் வருகிறது என்றேன். விளக்கம் சொல்வதில் அவள்தான் கெட்டிக்காரி என்று பழைய உரைக்காரர் எழுதியிருப்பதைச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு ஏறிவிட்டது. நட்சத்திரம் ஒட்டிய வரிக்கு வந்தேன்.

"வழக்கம் என்ன சொல்லுதுன்னு அந்தப் புருஷன் பாக்கல. யாருக்கு வரம் இருக்குன்னு பார்த்தாரு. பார்த்துட்டு, வழி விட்டாரு. வீட்டுத் தலைவன்னா அவர்தான் தலைவன்."

ஆமென் என்றார்கள். மூட்டைகளும் ஆமென் என்றன. கிரிகரி அங்கிள் மெல்ல எழுந்தார். நான் சட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டேன்.

"தம்பி கேவின், யாரைப் போடுறதுன்னு ஒரு மாசமா எனக்குக் குழப்பம்," என்றார். "பொம்பளைப் பிள்ளைய போட்டா வீட்டுக்காரர் வருத்தப்படுவாரோன்னு தயக்கம். நீயே எல்லார் முன்னாலயும் சொல்லிட்ட. பெரிய மனசுப்பா உனக்கு. ரோசலின், வாம்மா."

நான் வாயைத் திறந்தேன். என் பழைய குரல் திரும்பி வந்திருந்தது. யாருக்கும் கேட்கவில்லை.

ரோசலின் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அவரே சொன்ன பிறகு நான் மறுக்கலாமா அங்கிள்," என்றாள். தாள் இல்லை, தடுமாற்றம் இல்லை. நான் மனப்பாடம் செய்து பாதியில் விட்ட வரிகளையெல்லாம் வரிசையாகச் சொன்னாள். கோடு போடாத வரிகளையும் சொன்னாள். கடைசி மூட்டை வரைக்கும் கேட்டது. அவள் திரும்பியபோதுதான் கொண்டையைப் பார்த்தேன். பச்சைப் பென்சில்.

கூட்டம் முடிந்து எல்லாரும் வரிசையாக வந்து என் கையைக் குலுக்கினார்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு புருஷனா என்று இரண்டு ஆன்டிகள் உருகினார்கள். நான் மீ கோரெங் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க," என்று ஹாலிலிருந்து கூப்பிட்டாள் ரோசலின். "கீழ போனா, அடுத்த வாரத்துக்கு நாலாம் தொகுதிய எடுத்துட்டு வாங்க. அரிசி வேணாம், இருக்கு."