தேனபிஷேகம் கண்ட டெண்டர்

"ரேவதி, இங்க வச்சிருந்த டோக்கன் எங்க?"

மேஜை டிராயரைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டுத்தான் சக்கரபாணி கேட்டார். மணி பதினொன்றே கால். அடி அண்ணாமலையில் குடிநீர் மேல்நிலைத் தொட்டி கட்டும் டெண்டருக்கு அன்று மதியம் மூன்று மணியோடு கெடு. எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். பென் டிரைவ் போல இருக்கும் அந்த டோக்கனைச் செருகினால்தான் காண்டிராக்டரின் கையெழுத்து விழும். அது இல்லையென்றால் அவர் காண்டிராக்டரே இல்லை, வெறும் சக்கரபாணி.

"வருண லிங்கத்துகிட்ட இருக்குங்க" என்றாள் ரேவதி, வெங்காயம் அரிந்தபடியே.

"இன்னாது?"

"தண்ணி டெண்டர்தானே? தண்ணிக்கு வருணன்தானே அதிபதி? பௌர்ணமி வேற. விடியக்காலம் போயி குருக்கள்கிட்ட குடுத்து, ஆவுடையார் மேல வச்சுக் குடுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்."

சக்கரபாணிக்குத் திட்டத்தான் வாய் வந்தது. ஆனால் எந்த முகத்தோடு திட்டுவது? இதுவரை ஏழு டெண்டர் போட்டு ஏழும் போய்விட்டன. எட்டாவதும் போனால் ஒண்ணாம் தேதியிலிருந்து மச்சான் ராஜாவின் கேன் தண்ணி கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிடுவதாக ரேவதியிடம் சத்தியமே செய்திருந்தார். ராஜா இப்போதே போனில் "வாங்க சூப்பர்வைசர் மாமா" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான்.

"இன்னிக்கு வியாழக்கிழமைடி! ஒண்ணரைக்கு ராகு காலம் வந்துடும். அதுக்குள்ள போடணும்!"

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார். கிரிவலப் பாதையில் பௌர்ணமிக் கூட்டத்துக்காக எந்த வண்டியையும் போலீஸ் உள்ளே விடவில்லை. ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினார். நல்ல வெயில். பார்த்தவர்கள் ஏதோ பெரிய வேண்டுதல் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள்.

குருக்கள் முகமெல்லாம் மலர்ச்சியாக வரவேற்றார்.

"வாங்கோ! உங்க சாமானுக்கு அபிஷேகம் அமோகமா ஆச்சு. பாலு, தயிரு, இளநீரு... தேன்தான் ஒரு பெங்களூர்க்காரர் தாராளமா குடுத்துட்டார்."

வாழையிலையில் பிசுபிசுவென்று டோக்கன் வந்தது. மேலே சந்தனம், குங்குமம், ஒரு வில்வ இலை.

சக்கரபாணி எதிர் டீக்கடையில் வெந்நீர் வாங்கி அலசினார். மேலே இருந்த தேன் கரைந்து உள்ளே போயிற்று. சரி, காயட்டும் என்று வெயிலில் வைத்தார். எறும்பு வந்தது. ஊதினார். எறும்பும் உள்ளே போயிற்று.

அப்போதுதான் போன் அடித்தது. ராமதாஸ். இதே டெண்டருக்குப் போட்டி போடுகிற காண்டிராக்டர். காலையிலிருந்து இது மூன்றாவது போன்.

"சக்கரபாணி, டெண்டர் போட்டுட்டியா?"

"இல்லப்பா... டோக்கன்ல எறும்பு."

"எங்க இருக்க? அங்கியே இரு, வரேன்!"

இருபது நிமிஷத்தில் வயல்வெளி வழியாக பைக்கில் வந்தே விட்டார். சக்கரபாணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. இருபது வருஷப் பழக்கத்தில் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை இந்த ஆள். இன்றைக்கென்ன இவ்வளவு பாசம்? ரேட்டை மோப்பம் பிடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று முடிவுகட்டினார். ஆனாலும் பைக்கில் ஏறி உட்கார்ந்தார். அவருடைய ஸ்கூட்டர்தான் போலீஸ் தடுப்புக்கு அப்பால் நிற்கிறதே!

வேங்கிக்காலில் அறிவுமதியின் கம்ப்யூட்டர் சென்டர். ஊரில் பாதி காண்டிராக்டர்களுக்கு டெண்டர் ஏற்றித் தருவது அந்தப் பெண்தான். டோக்கனைச் செருகினாள். கம்ப்யூட்டர் ஒரு முறை முனகிவிட்டு அணைந்தது.

"சார், இன்னா சார் இது, வாசனையா இருக்கு?"

"பிரசாதம்மா" என்றார் சக்கரபாணி பரிதாபமாக.

ராமதாஸ் டோக்கனைப் பிடுங்கிக்கொண்டு பக்கத்து செல்போன் கடைக்கு ஓடினார். அதைப் பிரிக்கவைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைக்கவைத்து, திரும்பி வரும்போது மணி இரண்டு நாற்பது.

"ராகு காலம்ப்பா" என்று சக்கரபாணி இழுத்தார்.

"யோவ்! ராகு காலத்துலயாவது போடலாம். மூணு மணிக்கு மேல சர்வரே வாங்காது. உக்காருய்யா!"

டோக்கன் இந்த முறை வேலை செய்தது. மதிப்பீட்டுக்கு மேல் நான்கு சதவீதம் என்று சக்கரபாணி ரேட்டைச் சொல்ல, அறிவுமதி தட்டினாள். பின்னால் நின்ற ராமதாஸ் திரையை எட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"நல்லா போட்டிருக்க. நான் ஒரு டீ சாப்ட்டு வரேன்."

அவர் படியிறங்கியதும் சக்கரபாணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பார்த்துட்டானே, படுபாவி!

"அம்மா அறிவுமதி, அதை மாத்து. மதிப்பீட்டைவிட மூணு சதவீதம் கம்மின்னு போடு."

"கட்டுப்படியாகுமா சார்?"

"லாபம் கம்மிதான். கேன் தூக்கறதுக்கு அது எவ்வளவோ மேல். போடும்மா!"

இரண்டு ஐம்பத்தெட்டுக்கு டெண்டர் ஏறியது.

மறுவாரம் டெண்டர்களைத் திறந்து விலையைப் பார்த்தார்கள். வந்ததே இரண்டு டெண்டர்தான். அதில் குறைந்த ரேட் சக்கரபாணியுடையது. ராமதாஸ் சரியாக மதிப்பீட்டு விலைக்கே, அன்று காலையிலேயே போட்டிருந்தார்.

சக்கரபாணி அறிவுமதியின் சென்டரிலேயே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேவதிக்குப் போன் செய்து கத்தினார். ராஜாவுக்குப் போன் செய்து, "மாப்ளே, சூப்பர்வைசருக்கு வேற ஆள் பார்த்துக்கோ" என்றார். அப்புறம்தான் ராமதாஸ் நினைப்பு வந்தது. வெளியே ஓடிப்போய் ஸ்வீட் பெட்டியோடு திரும்பினார்.

"அவன் அப்பவே ரேட்டைப் போட்டு முடிச்சிட்டுதான் எனக்காக அலைஞ்சிருக்கான்மா. அவனைப் போயி சந்தேகப்பட்டேனே, நானெல்லாம் ஒரு மனுஷனா? இந்தக் காலத்துல போட்டிக்காரனுக்கு எவன்மா பைக்கு ஓட்டுவான்? ரெண்டு கிலோ ஸ்வீட் வாங்கியாந்திருக்கேன். நேரா போயி அவன் கால்லயே விழப்போறேன்."

அறிவுமதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஸ்வீட்டை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க சார். போன தடவை இதே வேலைக்கு அவர் ஒருத்தர்தான் போட்டாருன்னு டெண்டரையே ரத்து பண்ணிட்டாங்க. கூட ஒருத்தரு வேணும்னு இந்தத் தடவை நாயா அலைஞ்சாரு. நான்கூட நாலு பேரைச் சொன்னேன். 'அவங்கல்லாம் வேணாம்மா, சக்கரபாணிதான் கியாரண்டியா தோப்பான்'னுட்டாரு."