சிவப்பு நகமும் சாம்பல் சத்தும்

எங்கள் ஊர்க் கடையில் நகப்பூச்சு தீர்ந்துவிட்டது. வாங்கித் தீர்த்தவர்கள் பெண்கள் அல்ல, ஆண்கள்.

கரும்பு வெட்டிக் காய்த்துப்போன விரல்கள், டிராக்டர் ஓட்டிக் கறுத்துப்போன விரல்கள், எல்லாவற்றின் நுனியிலும் செக்கச்செவேலென்று சாயம். என் வீட்டுக்காரர் இரண்டு பூச்சுப் பூசிக்கொண்டு, காயும்வரை கையை உதறிக்கொண்டே திரிந்தார். "உதட்டுக்கும் கொஞ்சம் பூசிக்கவா?" என்று என்னிடமே யோசனை கேட்டார்.

எல்லாம் விதவைப் பேய் செய்த வேலை. தாய்லாந்தின் வடகிழக்கு மூலை எங்களுடையது. பெயரே ஈசான். அந்தக் கோடையில் பக்கத்து ஊரில் இரண்டு ஆண்கள் படுத்த படுக்கையிலேயே செத்துப்போனார்கள். ஏன் செத்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. யார் கொன்றது என்றுதான் கேட்டார்கள். புருஷன் இல்லாத பேய் ஒன்று புருஷன் தேடி அலைகிறதாம். தூங்குகிற ஆணின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளுமாம். பெண் என்று நினைத்தால் தொடாதாம். அதற்குத்தான் நகப்பூச்சு. வாசலுக்கு வாசல் ஒரு வைக்கோல் பொம்மை நின்றது. பொம்மையின் இடுப்பில் மரத்தில் செதுக்கிச் செருகிய ஒன்று இருக்கும். அது என்னவென்று நான் எழுதப்போவதில்லை, நீங்களே புரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு பலகை: 'இந்த வீட்டில் ஆண்கள் இல்லை.' உள்ளே நான்கு பேர் விடும் குறட்டை சாலைவரை கேட்கும். பேய்க்குக் காது கேட்காது, எழுதப் படிக்க மட்டும் தெரியும் போலிருக்கிறது.

எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புருஷனை இழந்தவள்தான் எப்போதும் பேயாகிறாள். பெண்டாட்டியை இழந்த ஆண் ஒருவனாவது பேயானதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எப்படி ஆவான்? அவன் அடுத்த அறுவடைக்குள் மாப்பிள்ளை ஆகிவிடுகிறானே!

இந்த நேரத்தில்தான் பேயோட்டும் ஆசான் கம்சிங் வந்து சேர்ந்தார். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பழைய நெல் கிடங்கில் சிவப்புத் துணி கட்டி உட்கார்ந்தார். காலையில் கிடங்கு வாசலில் பிக்கப் வண்டிகள் நிற்க இடம் இருக்காது. கோழி பொரிக்கும் கடைகூட ஒன்று முளைத்துவிட்டது.

ஆசானின் சட்டங்கள் எளிமையானவை. வாழைமரம் பேயின் தங்குமிடம், அதனால் வெட்டு. வாழைப்பழம் பேயின் பண்டம், அதனால் தொடாதே. இரவு படுக்குமுன் அவர் மந்திரித்துக் கொடுக்கும் இனிப்புச் சோற்றை வயிறு முட்டச் சாப்பிடு. பசையரிசியில் சர்க்கரைப்பாகு சொட்டச் சொட்டப் பிசைந்த உருண்டைகள் அவை. மேலே ஒரு கோப்பை அரிசிச் சாராயம் ஊற்று. இதற்கெல்லாம் தட்டில் காணிக்கை வை. அதை அவர் தொடவே மாட்டார். தட்டையே மொத்தமாக எடுத்துப் பைக்குள் கவிழ்த்துக்கொள்வார்.

அடுத்த வீட்டு உத்தாய்க்குத்தான் முதலில் பிடித்தது. உத்தாய் என்றால் உதயம் என்று பொருள். அந்த உதயம்தான் ஒருநாள் விடிந்தும் எழவில்லை. வாய் பேசுகிறது, கண் பார்க்கிறது, கால் இரண்டும் மரக்கட்டை. சில மாதமாகவே ஆள் இளைத்துக்கொண்டு வந்தான். கை நடுங்கும், கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கும். கரும்பு வெட்டுகிற அலுப்பு என்று நினைத்தோம்.

ஆசான் வந்தார். நோயாளியைத் தலை முதல் கால்வரை சிவப்புத் துணியால் மூடினார். "மூஞ்சி தெரிஞ்சா அவ அடுத்தவன் மேல தாவிடுவா" என்றார். தொடவும் மாட்டார், தொட்டால் அவர் மேலேயே தாவிவிடுவாளாம். எட்ட உட்கார்ந்து மந்திரம் சொன்னார், தண்ணீர் தெளித்தார், ஊதுபத்திச் சாம்பலைத் துணிமேல் தூவினார். நண்பகலுக்குள் உத்தாய் எழுந்து நடந்தான்! ஊரே தரையில் விழுந்து கும்பிட்டது.

அதன்பின் உத்தாய்க்குத் தினமும் இரவில் மந்திரித்த சோறு. அப்புறமும் ஒரு விடியலில் கால் வரவில்லை.

"பாத்தியா? சோறு தின்னதால காலோட போச்சு. இல்லாட்டி உசுரே போயிருக்கும்" என்றார் ஆசான். எப்படி இருக்கிறது நியாயம்! எழுந்தால் ஆசான் கெட்டிக்காரர், விழுந்தால் பேய் கெட்டிக்காரி. ஆனால் ஒன்று. ஒரு பக்கம் விழுந்து வாய் கோணிய கிழவரைக் கொண்டுவந்தபோது மட்டும், "இது பேய் இல்ல, பூர்வ கர்மம்" என்று அனுப்பிவிட்டார். தானாக எழுந்திருக்கிற ஆளாகப் பார்த்துத்தான் எழுப்புவார்!

உத்தாயின் மனைவி லம்துவன் சாலையோரத்தில் பப்பாளிக்காய் சாலட் இடித்து விற்பவள். அவள் வாய் உலக்கையைவிட வேகமானது. அவள்தான் என்னிடம் முதலில் சொன்னாள்.

"அக்கா, நான் ஒண்ணு கவனிச்சேன். ராத்திரி இந்தச் சோத்த மூக்குமுட்டத் தின்ன மறுநாள்தான் பேய் வருது. நேத்தும் முந்தாநாளும் நான் அவருக்குத் தெரியாம அதப் பன்னிக்குப் போட்டுட்டேன். பேயே வரல."

"பன்னி?"

"பன்னி நல்லாதான் இருக்கு. ஒருவேளை பொட்டப் பன்னிங்கறதால விட்டுட்டாளோ என்னமோ!"

சிரித்தோம். அந்தச் சிரிப்பு இரண்டு நாள்கூட நிற்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் விருந்தும் சாராயமுமாக உத்தாய் வெளுத்து வாங்கிவிட்டு வந்தான். மறுநாள் விடியலில் காலோடு கையும் போயிற்று. மூச்சை இழுத்து இழுத்து விட்டான். ஆசானுக்கு ஆள் அனுப்பினோம். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீங்க, அவ வழியிலயே கொன்னுடுவா. ஆட்டாதீங்க, நான் குளிச்சிட்டு வர்றேன்" என்று பதில் வந்தது.

லம்துவன் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. "அவன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள இவரக் குளிப்பாட்ட வேண்டியதாயிடும். அண்ணே, வண்டிய எடுங்க!" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்து அலறினாள். சிவந்த நகங்களோடு அவர் அன்று ஓட்டிய ஓட்டத்துக்கு நான் அவருடைய எல்லா முட்டாள்தனத்தையும் மன்னித்தேன்.

மாவட்ட ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தனா உடனே ரத்தம் எடுத்தார், நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார். பிறகு எங்களிடம் வந்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் மூணரைக்குக் கீழ எறங்கக் கூடாது. இவருக்கு ரெண்டுகூட இல்ல. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா மூச்சு நின்னிருக்கும், இல்லேன்னா நெஞ்சு நின்னிருக்கும்."

"பொட்டாசியம்னா?" என்றாள் லம்துவன்.

"நெல்லுக்குப் பொட்டாஷ் போடுவீங்கல்ல, அதே சத்துதான்."

"சாம்பல் சத்தா? அது இல்லாட்டி பயிரு சாஞ்சிடுமே!"

"அதான் இவரும் சாஞ்சிட்டார். பேதி, வாந்தி, நீர் பிரியற மாத்திரை, இதனாலயும் கொறையும். காய்கறி பழமே சேத்துக்கலேன்னா இன்னும் மோசம். ஆனா இவருக்குக் கழுத்துல தைராய்டு சுரப்பி தறிகெட்டு ஓடுது. அப்படி இருக்கறவங்க இனிப்பும் சோறும் வயித்துல அடைச்சா, ரத்தத்துல இருக்கற பொட்டாசியம் தசைக்குள்ள போய் ஒளிஞ்சுக்கும். கை கால் செத்துடும். பல பேருக்குச் சில மணி நேரத்துல அதுவே திரும்பி வந்துடும். எல்லாருக்கும் வரும்னு நம்பி உக்காந்திருக்க முடியாது."

லம்துவனின் கண்கள் அகன்றன. "அப்ப மத்தியானம் எந்திரிச்சது?"

"மந்திரம் சொன்னாலும் எந்திரிச்சிருப்பார், சினிமாப் பாட்டுப் பாடினாலும் எந்திரிச்சிருப்பார்."

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். "டாக்டரம்மா, வீட்டுல ரெண்டு மூட்டை பொட்டாஷ் கெடக்கு. கஞ்சியில ஒரு கரண்டி கலந்து குடுத்தா...?"

"ஐயையோ! கொறஞ்சாலும் நெஞ்சு நிக்கும், கூடினாலும் நிக்கும். நாங்க ரத்தத்தப் பாத்துப் பாத்து அளந்து குடுக்கறோம். தைராய்டுக்கும் மருந்து தர்றோம். வீட்டுக்கு வந்தப்புறம் வாழைப்பழம், இளநீர், கீரை, பயறு சாப்பிடட்டும். சாராயமும் ராத்திரி இனிப்பும் கூடவே கூடாது. உரத்த வயலுக்கே போடுங்க!"

லம்துவன் வெளியே வந்து சுவரில் சாய்ந்து அழுதாள். "மேல சாம்பலத் தூவித் தூவி, உள்ள இருந்த சாம்பல் சத்த ஒளிச்சு வெச்சிட்டானே அக்கா பாவி! நானும் காணிக்கை வெச்சேனே!" அழுகை அடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கே ஆசான் மேல் கொஞ்சம் இரக்கம் வந்தது.

ஊரில் சொன்னோம். நம்புவார்களா? "ஊசிக்குப் பேய் பயப்படுமா?" என்று எங்களையே மடக்கினார்கள். மறுநாள் காலை லம்துவன் ஆசானுக்கு ஆள் அனுப்பினாள். புருஷன் வீட்டுக்கு வந்துவிட்டான், மறுபடியும் அசைவில்லாமல் கிடக்கிறான், ஆசானே கதி என்று.

ஆசான் சிரித்த முகமாக வந்தார். பின்னால் கூட்டம். பாயில் தலை முதல் கால்வரை சிவப்புத் துணி. அவர் போட்ட சட்டப்படியே எல்லாம்.

"ஆஸ்பத்திரிக்குப் போகாதேன்னேனே, கேட்டியா?" என்று எட்ட உட்கார்ந்தார். "ஆமா, உக்காந்திருக்கா. நெஞ்சு மேல. தலைய விரிச்சுப் போட்டிருக்கா."

"ஆசானே, நல்லாப் பாருங்க. எம் புருஷன் மேலதான் உக்காந்திருக்காளா?"

"எங்கிட்டயே கேக்கறியா? அவன் உசுரு தொண்டைக்குழியில துடிக்கறது தெரியுது!"

மந்திரம் தொடங்கியது. தண்ணீர் பறந்தது, சாம்பல் பறந்தது. வியர்க்க விறுவிறுக்கக் கத்தினார். கடைசியில் கையை உயர்த்தினார். "எறங்கிட்டா! அதோ, கால் கட்டைவிரல் அசையுது பாருங்க!"

"ஆமா, நானும் பாத்தேன்!" என்றார் ஒருவர். "எனக்கும் தெரிஞ்சுது!" என்று இன்னும் ஐந்தாறு பேர். ஒரு பெரியவர் கண்ணீரே விட்டார்.

அந்த நேரம் லம்துவனின் கைபேசி அடித்தது. எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"லம்துவன்! இங்க ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுல உப்பும் இல்ல ஒறைப்பும் இல்ல. வரும்போது மிளகாய்த் துவையல் கொண்டா. நான் இப்பதான் கக்கூசுக்குத் தனியா நடந்து போய்ட்டு வந்தேன்!"

உத்தாயின் குரல். கூட்டம் பாயைப் பார்த்தது. லம்துவன் சிவப்புத் துணியை உருவினாள். உள்ளே பொட்டாஷ் உரமூட்டை ஒன்று சாவகாசமாகப் படுத்திருந்தது.

"இதுல எது ஆசானே கட்டைவிரல்?"

ஆசான் மூட்டையை உற்றுப் பார்த்தார். "பேய்... பேய் மூட்டைக்குள்ள பூந்திருக்கலாம்ல?"

"அப்ப அது உரம் வாங்க வந்த பேயா?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு வெடித்தது. கட்டைவிரலைப் பார்த்தவர்கள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்கள். ஆசான் எழுந்த வேகத்தில் செருப்பை விட்டுவிட்டு ஓடினார். மாலைக்குள் கிடங்கு காலி.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். மறுநாள் காலையில் லம்துவன் வீட்டு வாசலில் ஒரே கூட்டம். கையில் பூ, ஊதுபத்தி, தட்டு. கண்ணீர் விட்ட அதே பெரியவர் முன்னால் மண்டியிட்டார்.

"தாயே, அந்த ஆசானையே வெரட்டிட்ட. நீ அவனைவிடப் பெரிய ஆளு. எங்களுக்கும் ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டிவிடு."

லம்துவன் உலக்கையைக் கீழே வைத்தாள். நல்லவேளை, கீழேதான் வைத்தாள்.

"பெரியவரே, எந்திரிங்க. ஒருத்தன் கால்ல விழுந்து ஏமாந்த ஈரம் காயல, அதுக்குள்ள அடுத்த கால் தேடுறீங்களா? கால் மரத்துப்போறவங்க, நெஞ்சு படபடக்கறவங்க வண்டியில ஏறுங்க, போய் ரத்தம் குடுத்துப் பாப்போம். நான் சொல்றேன்னு நம்ப வேணாம், ரத்தத்தச் சோதிச்சுத் தர்ற சீட்டுல என்ன வருதுன்னு நீங்களே பாருங்க. கழுத்துக்கு மேல ஒண்ண வெச்சிருக்கீங்களே, அது அடுத்தவன் சாம்பல் தூவறதுக்கு மட்டுமா?"