சட்டை போடாத பைக்கும் சிசியும்

ஓசூரில் எத்தனையோ ஆயிரம் பைக் ஓடுகிறது. அதில் ஒன்றைக்கூட சிசி நல்ல வண்டி என்று ஒப்புக்கொண்டதில்லை. உள்ளூர் வண்டியோ, கப்பலில் வந்திறங்கிய வண்டியோ, அவன் வாயில் விழாமல் சிப்காட் சிக்னலைத் தாண்ட முடியாது.

அவனுக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது. மனிதர்களைக்கூட அவன் இன்ஜின் கணக்கில்தான் எடைபோடுவான். ஒருநாள் கம்பெனி பஸ்ஸில், "நம்ம சூப்பர்வைசரா? அம்பது சிசி இன்ஜினுக்கு ஐந்நூறு சிசி சைலன்சர் மாட்டிக்கினு சுத்துறாருப்பா" என்றான். சூப்பர்வைசர் அவனுக்கு முன் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸே சிரித்தது. அன்றிலிருந்து அவன் பெயர் சிசி.

நாங்கள் இரண்டு பேரும் அப்போது பல்சக்கரம் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. அவன் மிஷின் ஓட்டுவான், நான் அவன் ஓட்டியதை அளந்து பார்ப்பேன். சூளகிரியிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவான். கையில் கறுப்பு ஹெல்மெட் ஒன்று பளபளவென்று இருக்கும். பைக் மட்டும் கிடையாது. கேட்டால், "ஹெல்மெட் செட் ஆயிடுச்சு மச்சான், அதுக்கேத்த வண்டியத்தான் இன்னும் எவனும் செய்யல" என்பான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் பாவம், அண்ணனுக்கு வண்டி பஞ்சர் போல என்று சீட்டு விட்டுக் கொடுப்பார்கள். அவனும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வான்.

இப்படிப்பட்ட மனிதனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நான் புது பைக் வாங்கினேன். அதுவும் நேக்கட் மஸில் பைக். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பக்கவாட்டில் பிளாஸ்டிக் மூடி எதுவும் இருக்காது, இன்ஜின் அப்படியே வெளியே தெரியும், பெட்ரோல் டேங்க் மட்டும் பயில்வான் தோள் மாதிரி புடைத்துக்கொண்டு நிற்கும். "சட்டை போடாத பைக்கு" என்பான் சிசி. அந்த ஒரு விளக்கத்தில் மட்டும் எனக்கும் அவனுக்கும் சண்டை வந்ததில்லை.

சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, மாலையோடு கம்பெனி கேட்டில் கொண்டுபோய் நிறுத்தினேன். எல்லோரும் கூடிவிட்டார்கள். ஒருவன் விசிலடித்தான், ஒருவன் செல்ஃபி எடுத்தான். சிசி வந்தான். வண்டியை முதலில் பின்னாலிருந்து பார்த்தான், பிறகு குனிந்து அடிவயிற்றைப் பார்த்தான், டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து மெதுவாக அழுத்தினான். பிறகு பெருமூச்சு விட்டான்.

"முன்னாடி பாத்தா பயில்வான். பின்னாடி பாத்தா பட்டினி."

"ஏன்டா, லைட்டு எப்படிக் கீது பாரு!"

"வெட்டுக்கிளி மூஞ்சி."

"பவரு? பவரப் பத்திச் சொல்லு!"

"பவரு கீது. ஆனா கூப்ட்டதும் வராது. அஞ்சாயிரம் ஆர்பிஎம் தாண்டினாத்தான் அது முழிச்சுக்கும். சிப்காட் ட்ராஃபிக்ல நீ என்னிக்குடா அஞ்சாயிரம் தாண்டப் போற? அப்புறம் இந்தப் பின் சீட்டு... இது சீட்டா? இதுல கோழிகூட உக்காராது."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு ஊர்வலம் விட்டிருப்பேன். "முதல்ல நீ ஒரு வண்டி வாங்கு, அப்புறம் பேசு" என்று கத்தினேன். அவனுக்கு அது காதிலேயே ஏறவில்லை. "அது சரி, ஷிஃப்ட் முடிஞ்சதும் சூளகிரி வரைக்கும் விட்டுடுறியா?" என்றான். விட்டேன். கோழி உட்காராத அந்தச் சீட்டில் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஜம்மென்று உட்கார்ந்து, கிருஷ்ணகிரி ஹைவே நெடுக என் காதில் வர்ணனை. "இப்ப மூணாவது கியர் போட்டிருக்கணும்... லேட்டு... போச்சு." இது வாரா வாரம் நடந்தது. ஆறு மாதம் நானும் சகித்தேன்.

அப்போதுதான் ஒருநாள் அவன் அப்பா என்னைத் தேடிக்கொண்டு ரூமுக்கே வந்துவிட்டார். விவசாயி. எருது விடும் விழாவுக்கென்றே காளை வளர்க்கிறவர், சுற்றுவட்டாரத்தில் பெரிய பெயர். வந்து உட்கார்ந்ததும் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, இவனுக்கு மூணு எடத்துல பொண்ணு பாத்தாச்சு. மூணும் இவன் வாயாலயே போச்சு. ஒரு எடத்துல பொண்ணோட அப்பா ஆசையா வாங்கின ஸ்கூட்டர செனை எருமைன்னு சொல்லிட்டான். இன்னொரு எடத்துல மச்சினன் வண்டிய எடைக்குப் போடச் சொல்லிட்டான். இப்ப நாலாவதா ஒரு எடம் வந்துக்கீது. இதுவும் போச்சுன்னா இனிமே எந்தத் தரகனும் எங்க வாசலுக்கு வர மாட்டான். நீ கூடப் போயி அவன் வாயப் புடிச்சுக்கோ சாமி."

சிசியைக் கேட்டேன். வழக்கமாக எதிர்த்துப் பேசுகிறவன், அன்று போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டினான். "பேரு பவித்ரா. உத்தனப்பள்ளி. ஃபேக்டரிலதான் வேலையாம்." பிறகு குரல் இறங்கிவிட்டது. "இது அமையணும்டா மச்சான்." குறை சொல்லாமல் அவன் ஒரு வார்த்தை பேசி அன்றுதான் கேட்டேன். எனக்கே பயமாகிவிட்டது. டீக்கடையில் வைத்து சத்தியம் வாங்கினேன்: அங்கே எந்த வண்டி நின்றாலும் வாய் திறக்கக் கூடாது, சைக்கிள் நின்றால்கூடத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பெரியவர்கள் எல்லோரும் வேனில் போனார்கள். சிசி மட்டும், "உன் வண்டில போலாம்டா, ஒரு கெத்தா இருக்கும்" என்றான். அட கிராதகா, வெட்டுக்கிளி மூஞ்சிக்கு இப்போது எங்கிருந்து கெத்து வந்தது? இருந்தாலும் ஏற்றிக்கொண்டு போனேன். பெண் வீட்டு வாசலில் இறங்கும்போது அந்த உயர சீட்டிலிருந்து காலைத் தூக்கி என் முதுகில் ஒரு உதை விட்டுத்தான் மாப்பிள்ளை இறங்கினார்.

பெண்ணின் அப்பா ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறவர். நல்ல கலகலப்பான மனிதர். வந்ததும் வண்டியைத்தான் பார்த்தார். "லிட்டருக்கு எவ்ளோ குடுக்குது மாப்ள?"

சிசி வானத்தைப் பார்த்தான். நான் அவசரமாகப் பதில் சொல்லி எல்லோரையும் உள்ளே தள்ளிக்கொண்டு போனேன். அவரா விடுவார்? கேசரித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடி, "அந்த டேங்க்தான் பிரமாதம், இன்னா கம்பீரம்! நீங்க இன்னா சொல்றீங்க மாப்ள?" என்றார். சிசி ஒரு வாய் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டான். நான் அவன் காலை மிதித்தேன். அவர் மூன்றாவது தடவையும் கேட்டார். கேசரி தீர்ந்துவிட்டது.

"டேங்க் தப்புங்க" என்றான் சிசி.

அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. தோள் அகலத்துக்கு இடுப்பு இல்லை, லைட் வெட்டுக்கிளி, பவர் கும்பகர்ணன், பின் சீட் கோழிக்கும் ஆகாது. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். பெண்ணின் அப்பா முகம் சுண்டிப் போயிருந்தது.

"எம்பொண்ணு ஃபேக்டரில இந்த வண்டி செய்யற லைன்லதான் வேலை செய்யுது மாப்ள. அந்த வண்டிக்கு டேங்க் மாட்டறதே அதுதான்."

முடிந்தது கதை என்று நான் சாவியைத் தேடினேன். அப்போது சிசியின் அப்பா கையெடுத்துக் கும்பிட்டார்.

"சம்பந்தி, கோச்சுக்காதீங்க. நாங்க காளை வளக்கறவங்க. மனசுக்குப் புடிச்ச காளைய நல்லாக்கீதுன்னு வாயால சொல்ல மாட்டோம், கண்ணு பட்டுடும். கொம்பு கோணல், வாலு குட்டைன்னு நாலு கொறை சொல்லி வெப்போம். புடிக்காத மாட்டப் பத்திப் பேசவே மாட்டோம். அந்தப் பழக்கம் இவனுக்கு பைக்குல தொத்திக்கிச்சு. இந்த வண்டியப் பத்தி ஆறு மாசமா வீட்ல இதே பேச்சுதான்."

அடப்பாவி! சிசியைத் திரும்பிப் பார்த்தேன். திருட்டு முழி முழித்துக்கொண்டு தரையைப் பார்த்தான். என் வண்டியை இந்த உலகத்தில் என்னைவிட அதிகமாக நேசித்தவன் இவன்தானா!

அதற்குள் பவித்ராவே வெளியே வந்துவிட்டாள். ஷிஃப்ட் முடித்து வந்த சுடிதாரோடேயே இருந்தாள். "எந்த எடம் தப்புன்னு காட்டுங்க" என்று நேராக வாசலுக்கு நடந்தாள். சிசி பின்னால் ஓடினான். நாங்கள் எல்லோரும் அவன் பின்னால்.

"அந்த அகலம் சும்மா வெக்கலீங்க. ஓட்றவங்க முட்டியால இறுக்கிப் புடிச்சுக்கறதுக்கு. பிரேக் அடிச்சா ஆளு முன்னாடி சரியாது."

"அதுக்குன்னு இவ்ளோ பெருசாங்க?"

"நீங்க ஓட்டும்போது முட்டிய எங்க வெப்பீங்க?"

சிசி ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"ஓட்டியிருக்கீங்கல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கையில் ஹெல்மெட் இருக்கிறது, சாட்சிக்கு நான் இருக்கிறேன். சிசி அவள் முகத்தைப் பார்த்தான்.

"இல்லீங்க. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. காலேஜ் படிக்கறப்ப ராயக்கோட்டை மண்டில மொபெட்ட ஓட்டிக்கினு போயி தக்காளிக் கூடைங்க மேல விட்டுட்டேன். ஊரே சிரிச்சுது. அன்னிலேர்ந்து ஹேண்டில்பாரப் புடிச்சா கை நடுங்குது. வெளிய சொல்ல வெக்கம், அதான் ஹெல்மெட்."

நான் வாயைப் பிளந்தேன். ஆறு மாதமாக மூணாவது கியர் லேட்டு என்று என் காதைத் தின்றவன்! அவன் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பெரியவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பவித்ரா அந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அண்ணா, சாவி குடுங்க" என்றாள். சிசியிடம், "ஏறுங்க. பின்னாடி."

"ஏ புள்ள! ஊரு இன்னா சொல்லும்?" என்று அவள் அப்பா பதறினார்.

"போவட்டும் சம்பந்தி" என்றார் சிசியின் அப்பா. "சந்தையில ஓட்டிப் பாக்காம யாராவது மாடு புடிப்பாங்களா?"

"யாருங்க இங்க மாடு?"

"எம்பையன்தாங்க!"

ரோஜாத் தோட்டக்காரர் முதலில் முறைத்தார். பிறகு அவரால் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். யாரையும் தொடவிடாத அந்தக் கறுப்பு ஹெல்மெட்டை சிசி தானே பவித்ராவிடம் நீட்டினான். என்னுடையதைப் பிடுங்கி அவன் மாட்டிக்கொண்டான். வண்டி ஒரு உறுமல் உறுமி ராயக்கோட்டை ரோட்டில் பாய்ந்தது. சந்தேகமே இல்லை, அது அஞ்சாயிரம் ஆர்பிஎம் சத்தம்தான்.

நாங்கள் வாசலிலேயே நின்றோம். பெரியவர் மகனுக்காகக் கும்பிட்டார், நான் வண்டிக்காகவும் சேர்த்துக் கும்பிட்டேன். உள்ளே மற்ற தட்டுகளில் கேசரி ஆறியது. கடைசியில் வண்டி திரும்பி வந்து நின்றது. பவித்ரா இறங்கி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் அப்பாவிடம் சொன்னாள்:

"பின் சீட்டு சரியில்லதான்பா. அவர் சொன்னது நெஜம். மத்தது எல்லாம் சரி."

"மத்ததுன்னா எது கண்ணு?"

"அதான் சரின்றேன்ல" என்று உள்ளே ஓடிவிட்டாள்.

வாசலே கலகலத்தது. நான் சிசியை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். ஆறு மாதக் கடன் எனக்கு. "இப்பச் சொல்லுடா, பவரு எப்படி? டேங்க் எப்படி? அஞ்சாயிரம் தாண்டுச்சா?"

அவன் அவள் போன கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"தெரியலடா மச்சான். நான் வண்டியப் பாக்கல."

அந்த ஒரு பதிலுக்காக, என் வண்டியை அவன் திட்டியதையெல்லாம் அங்கேயே மன்னித்துவிட்டேன். இன்னும் ஆயிரம் வண்டியைத் திட்டிக்கொண்டு என் சிசி நன்றாக இருக்கட்டும்.