சாப்பாட்டு மேசையும் நாலு ஓவியர்களும்

"இதழின் பக்கத்தில் யார் என்ன கிறுக்கினாலும் அழிக்கக் கூடாது" என்று சட்டம் போட்ட மேதாவியே, உமக்கு மனசாட்சி இருக்கிறதா?

நான் பழைய மரச்சாமான் வியாபாரி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, நாலு இடத்தில் ஏமாந்து, பேரம் கற்றவன். எந்த விலையையும் இறக்கிவிடுவேன். ஏறிய கோபத்தை மட்டும் இறக்கத் தெரியாது. அப்படித் தொண்டை வற்றப் பேசி வாங்கிய சாப்பாட்டு மேசையை என் மனைவி ஒரு கூட்டுக் கலை இதழுக்குத் தாரை வார்த்துவிட்டாள். அவளும் நாலு ஓவியர்களுமாக நடத்துகிறார்கள். ஒருவர் வரைந்ததன் மேல் அடுத்தவர் வரைவார். அதன் மேல் இன்னொருவர். எல்லாம் காய்கிற வரைக்கும் நான் மடியில் தட்டு வைத்துச் சாப்பிட வேண்டும்.

"பாதி மேசையாவது குடு."

"பாதியில பச்சை காயுது. மீதியில நீலம் காயுது."

"ஒரு ஓரம்?"

"அங்க பசை கொட்டியிருக்கு. உக்காந்தா எழுந்திரிக்க முடியாது."

"மேசை மேலயா உக்காரப் போறேன்?"

"கோபம் வந்தா நீங்க எங்க உக்காருவீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

முடிவு கட்டினேன். அவமானப்படுத்தினால் தானாகக் கிளம்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடியிருந்தார்கள். கைக்கு எட்டுகிற இடத்தில் தூரிகை இருந்தது. எடுத்தேன். ஈரப் பக்கத்தின் நடுவில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: "இது என் மேசை. எழுந்து போங்கள்."

எல்லோரும் குனிந்து படித்தார்கள். ஜெயித்த களிப்பில் மீசையைத் தடவினேன். மீசையெல்லாம் கறுப்புச் சாயம்.

தாடிக்கார ஓவியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இந்தக் கோபத்தைத்தான் சார் இத்தனை நாளா தேடிட்டிருந்தோம்."

"அது கோபம் இல்ல சார், நோட்டீஸ்."

"இதுதான் அட்டைப்படம்." மற்ற மூவரும் கை தூக்கினார்கள்.

"அட்டைப்படம் யாரோடதோ, அடுத்த இதழ் அவங்க வீட்டுலதான். அது எங்க வழக்கம்," என்றார் தாடிக்காரர். "நாளைக்கு எல்லாத்தையும் என் வீட்டுக்கு மாத்தறதா இருந்தோம். நல்லவேளை, நீங்க முந்திக்கிட்டீங்க."

ஒரு ஈரத் துணியை எடுத்தேன். "எழுதினதை அழிச்சிடறேன்."

"அழிக்கக் கூடாதுங்க," என்றாள் மனைவி. "சட்டம்."

"யார் போட்ட சட்டம்?"

நாலு பேரும் ஒன்றாகத் திரும்பி என் மனைவியைப் பார்த்தார்கள். அவள் தூரிகையை என் கையிலிருந்து பதமாக வாங்கி, கழுவ எடுத்துப் போனாள்.

ஆகவே, சட்டம் போட்ட மேதாவியே, பெயரைச் சொன்னால் எனக்குச் சோறு கிடைக்காது, சொல்லவில்லை. போட்டவர் நீர்தானே, அந்த ஒரு சட்டத்தை மட்டுமாவது உம் கையாலேயே அழித்துத் தொலையும்.