மைனஸும் அவர் பீரோவும்

பாடி மேம்பாலத்துக்கு மேற்கே, மைனஸ் அளவுக்குத் தன் மேல் சந்தேகமே இல்லாத ஒரு மனிதர் இன்னும் பிறக்கவில்லை. நாளைக்கு மழை என்று டி.வி.யில் சொன்னால்கூட, "எப்டி அளந்தானாம்?" என்றுதான் கேட்பார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனி. நாலு ஆன்டெனா வைத்த வைஃபை ரவுட்டர்கள் செய்தோம். ரவுட்டரோடு ஒரு சின்னக் கையேடு வருமே, பிரிக்காமலே தூக்கிப் போடுவீர்களே, அதை எழுதுவது என் வேலை. சிக்னலை அளப்பது மைனஸின் வேலை. அந்த அளவு எப்போதும் மைனஸ் எண்ணாகத்தான் வரும். மைனஸ் நாற்பது என்றால் அமர்க்களம். மைனஸ் தொண்ணூறு என்றால் படுத்துவிட்டது என்று அர்த்தம். காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே கத்திக்கொண்டிருந்தால் பெற்றவர்கள் வைத்த பெயர் எப்படி நிற்கும்?

உலகத்தையே அவர் இப்படித்தான் அளந்தார். கேன்டீன் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "மைனஸ் எண்பத்தஞ்சு" என்பார். அதுகூடப் பரவாயில்லை. ஆவடியில் எங்கள் அக்கவுன்டன்ட்டின் கல்யாணம். மேடையேறிய மைனஸ், பெண்ணையும் மாப்பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்து, மனசு நிறைந்து, "ஜோடி மைனஸ் முப்பது!" என்று வாழ்த்தினார். பெண்ணின் மாமா சட்டைக் கையை மடிக்க ஆரம்பித்துவிட்டார். மைனஸ் முப்பது என்பது மைனஸ் நாற்பதைவிட உசத்தி என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எங்களுக்குக் கடைசிப் பந்தியும் போய்விட்டது.

ஹாலில் அவர் அளக்கும்போது குறுக்கே யாரும் போகக் கூடாது. முதலாளியையே வெளியே நிறுத்தியவர் அவர். "மொதலாளி, கோச்சுக்காத. ஒடம்புல பாதி தண்ணி. நீ குறுக்க நின்னுகினு இருந்தா சிக்னலை நீயே குடிச்சுருவ." பாவம், முதலாளி வாசலில் நின்று டீயைக் குடித்தார்.

யாராவது போனை நீட்டி, "இதுல ஃபுல் கோடு காட்டுதே" என்றால் தொலைந்தார்கள். "கோடா? கோடு இன்னா சாமியா? நாலு பேரு சேந்து கோரஸ் பாடுனா, எவனுக்குத் தொண்ட கட்டிக்கினு கீதுன்னு தெரியுமா? ஒவ்வொருத்தனா பாட வுடு, அப்பால சொல்லு!" அதாவது, மூன்று ஆன்டெனாக்களை வாயடைத்துவிட்டு ஒன்றை மட்டும் அளக்க வேண்டும். பிறகு அடுத்தது. நாலும் முடிந்ததும், ஆன்டெனாக்கள் பொருத்திய சர்க்யூட் போர்டைத் திருப்பி வைத்து, மறுபடியும் முதலிலிருந்து. இந்தத் திருப்பும் வியாதி முற்றிப்போய், காய்கறிக் கடையில் பூசணிக்காயையே திருப்பி வைத்து இன்னொரு தபா எடை போடச் சொல்வார்.

முக்கியமான அளவையெல்லாம் அவர் எடுப்பது ஒரு பீரோவுக்குள். துணி வைக்கும் அதே இரும்பு பீரோதான். தட்டுகளைக் கழற்றிவிட்டு, அலைகள் சுவரில் பட்டுத் திரும்பாமலிருக்க உள்ளே கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தார். எல்லாம் அவர் கைவேலை. சாவி அவர் இடுப்பில். சட்டைப் பையில் சில்லறை வைத்துக்கொண்டு பீரோ பக்கம் போனால் விரட்டியடிப்பார்; உலோகத்தில் பட்டால் அலை திரும்பிவிடுமாம்.

அந்த வருஷம் டிசைன் செக்‌ஷனில் செல்வி சேர்ந்தாள். தேனிப் பக்கத்துப் பெண். கள்ளிக்குப்பத்தில் தோழிகளோடு ஒரு ஃப்ளாட்டில் இருந்தாள். புது ரவுட்டரின் போர்டு அவள் போட்ட முதல் போர்டு. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. போர்டு தேறினால்தான் அவளுக்கு வேலை என்று முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் மைனஸ் அதை அளந்தார். ஒன்று, இரண்டு, நாலு எல்லாம் பிரமாதம். மூன்றாவது ஆன்டெனா மட்டும் படுத்துவிட்டது. அதே டிசைனில் இன்னொரு போர்டை வைத்தார். அதிலும் மூன்றாவதுதான். "டிசைன்லயே கோளாறு" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி அறிவித்தார்.

முதலாளி பெருமூச்சு விட்டார். "வெளியில ரெடிமேடா போர்டு வாங்கிக்கறேன். அந்தப் பொண்ணுகிட்ட சாயங்காலம் நானே சொல்லிடறேன்."

செல்விக்கு விஷயம் போய்ச் சேர அதிக நேரம் ஆகவில்லை. முகம் செத்துப்போய் வந்து நின்றாள். "சார், போர்டத் திருப்பி வச்சு அளந்து பாத்தீங்களா?"

"இன்னாமே, என் பீரோவையே சந்தேகப்படறியா? எத்தினி போர்டு பாத்துக்கீது தெரியுமா அது?"

"இல்ல சார், நீங்கதான எப்பவும் திருப்பச் சொல்லுவீங்க..."

"இந்தத் தபா திருப்ப முடியாது. எடமில்ல."

"ஏன் சார் எடமில்ல?"

மைனஸ் இடுப்புச் சாவியைக் கையால் பொத்திக்கொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "பூசணிக்காயத் திருப்பறீங்க. ஒரு பொண்ணோட வேலை போகப் போகுது, போர்டத் திருப்ப மாட்டீங்களா அண்ணாத்தே?" என்றேன்.

என்னை ஒரு முறை முறைத்துவிட்டுச் சாவியை எடுத்தார். பீரோ திறந்தது. நானும் செல்வியும் எட்டிப் பார்த்தோம். பக்கவாட்டில், மூன்றாவது ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, முருகன் படம். சந்தனம், குங்குமம். சுற்றிலும், அடடா, புஸுபுஸுவென்று ஒரு ஜிகினா மாலை! போர்டைத் திருப்பினால் அதில்தான் இடிக்கும்.

ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் எல்லா மெஷினுக்கும் பொட்டும் பூவும் உண்டு. தன் பீரோவுக்கு வெளியே மட்டும் பொட்டு வைத்தால் அவருக்குப் போதவில்லை. பளபளவென்று உலோகப் பூச்சு போட்ட மாலையை உள்ளேயே மாட்டிவிட்டார். அலை அதில் பட்டுத் திரும்பி, நேராக வரும் அலையைக் கவிழ்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே அவர்தான்!

படத்தை இரண்டு கையாலும் எடுத்து, கண்ணில் ஒற்றி, மேஜையில் வைத்தார். அளந்தார். மூன்றாவது ஆன்டெனா ஜம்மென்று எழுந்துகொண்டது. திருப்பி வைத்து அளந்தார். நாலும் பிரமாதம்.

"கனெக்டர் லூசா இருந்துச்சுன்னு சொல்லிடலாம் அண்ணாத்தே" என்றேன், ரகசியமாக. அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மாலையைக் கையில் பிடித்தபடி முதலாளி அறைக்குள் போனார். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"மொதலாளி, பொண்ணு போர்டு சுத்தம். நான் அளந்ததுதான் தப்பு. யாரையாச்சும் ஊட்டுக்கு அனுப்பணும்னா என்னிய அனுப்பு."

முதலாளி மாலையையும் அவரையும் பார்த்தார். "சாமி படத்தக் கொண்டாந்து என் ரூம்ல மாட்டுங்க. போய் வேலையப் பாருங்க. அந்தப் பொண்ணையும் பாக்கச் சொல்லுங்க."

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். மைனஸுக்குக் கை கால் ஓடவில்லை. "ஏய், அழுவாதமே! போர்டாண்ட நின்னுகினு இன்னாத்துக்கு அழுவுற? தள்ளி நின்னு அழு!" என்று கத்தினார்.

நான் அந்தக் கம்பெனியை விட்டு வந்துவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ ஆபீஸ். "நான் அளந்ததுதான் தப்பு" என்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்ன இன்னொரு மனிதரைப் பார்க்கவில்லை. இன்றைக்கும் ஒரு முடிவெடுக்கத் திணறினால் அவருக்குத்தான் போன் போடுகிறேன். அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்பதற்காக இல்லை. தப்பாக இருந்தால், மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்.